ரயிலடி ஊர்களும் நெடுஞ்சாலை ஊர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ரயிலால் வளர்ந்த சிற்றூர்களைப் பற்றியும் அவற்றை இணைக்கும் சாலைகளைப் பற்றியும் பேச்சு வந்தால் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே கீழே போட்டிருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

ரயிலடி ஊர்னா என்ன? ஸ்டேஷன் இருக்கிற ஊரெல்லாம் ரயிலடி ஊர்தானா?

இல்லை. கும்பகோணத்தில் ஸ்டேஷன் இருக்கிறது; அது ரயிலடி ஊர் அல்ல. ரயில் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது ஊர். ஜோலார்பேட்டை, போத்தனூர் போன்றவை வேறு வகை. அங்கே ஜங்ஷன், லோகோ ஷெட் (எஞ்சின் பராமரிப்புக் கொட்டகை), ரயில்வே காலனி, ஓட்டுநர்கள் தங்கும் ஓய்வறை என்று எல்லாம் வந்த பிறகுதான் கடைத்தெருவே வந்தது.

நடுவில் மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. பழைய ஊர் ஓரிடத்தில் இருக்கும், ஸ்டேஷனைச் சுற்றி இன்னொரு ஊர் முளைத்திருக்கும். நெல்லையில் 'டவுன்' வேறு, 'ஜங்ஷன்' வேறு. தஞ்சாவூரில் 'ரயிலடி' என்றாலே ஒரு பகுதியின் பெயர். பஸ் கண்டக்டர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இறக்கிவிடுவார்.

முதல்ல வந்தது ரயிலா, ரோடா?

ரோடுதான், ஆனால் இன்று நாம் பார்க்கும் ரோடு அல்ல. கோட்டை, கோயில், சந்தை, சத்திரம் இவற்றைத் தொட்டுக்கொண்டு போன வண்டிப்பாதைகள் முன்பே இருந்தன. சென்னையிலிருந்து தெற்கே போன பெருவழிதான் இன்னும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை என்ற பெயரில் வழங்குகிறது.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர் ஓடியது. 1862-க்குள் அந்தப் பாதை மேற்குக் கடற்கரையைத் தொட்டுவிட்டது. மறுபக்கம் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1861–62-இல் இன்னொரு பாதை வந்தது. அதன்பின் அரசு போட்ட சாலைகளில் பல, ஸ்டேஷனுக்கு நெல்லையும் பஞ்சையும் கொண்டுவந்து சேர்க்கும் கிளைச் சாலைகள். பழைய ஊர்களில் 'ஸ்டேஷன் ரோடு' மட்டும் நேராகவும் அகலமாகவும் இருந்தால் காரணம் இதுதான். இரட்டை மாட்டு வண்டிகள் எதிரெதிரே வந்து போக வேண்டுமே.

ஸ்டேஷன் ஏன் ஊருக்கு வெளியே இவ்வளவு தூரத்துல இருக்கு?

முதல் காரணம் ஏற்றம். நீராவி எஞ்சினுக்கு 1-க்கு 100 என்ற ஏற்றமே கடினம். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 10 மீட்டர். சாலையோ 1-க்கு 20 கூடத் தாங்கும். அதே ஒரு கிலோமீட்டரில் 50 மீட்டர் ஏறிவிடும். அதனால் சாலை கணவாயை நேரே ஏறிக் கடக்கும், ரயில் மலையைச் சுற்றிப் போகும். சேலம்–தருமபுரி நெடுஞ்சாலை தொப்பூர் கணவாயில் ஏறுகிறது. 1860-களில் போட்ட சென்னை–சேலம் பாதையோ பொம்மிடி, மொரப்பூர் பக்கமாகப் போய்த் தருமபுரியைத் தொடாமலே விட்டுவிட்டது.

இரண்டாவது காரணம் ஆறு. பெரிய ஆற்றில் பாலம் கட்டுவதுதான் செலவில் முக்கியப் பங்கு. வேலூர் பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது, சென்னையிலிருந்து வரும் பாதை வடகரையோடு போகிறது. அதனால்தான் வேலூருக்கான பெரிய ஸ்டேஷன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் காட்பாடியில் நிற்கிறது. நெடுஞ்சாலை வேலூர் வழியாகவே போகிறது.

மூன்றாவது, பாதையின் நேர்த்தன்மை. மேற்குக் கடற்கரை நோக்கிய பாதைக்குப் பாலக்காட்டுக் கணவாயே குறி. கோயம்புத்தூர் சற்று வடக்கே ஒதுங்கியிருந்தது, போத்தனூர் வழியில் இருந்தது. போத்தனூருக்கு 1862-இல் ரயில் வந்தது. கோவை நகரத்துக்கு 1873-இல் மேட்டுப்பாளையம் கிளைப்பாதை போடும்போதுதான் வந்தது.

எங்க ஊர்ப் பெரியவங்க 'ரயில் வேண்டாம்'னு சொன்னதால பக்கத்து ஊருக்குப் போயிடுச்சாம். உண்மையா?

இந்தக் கதை இல்லாத தாலுகாவே கிடையாது. ஜமீன்தார் மறுத்தார், குதிரைகள் மிரளும் என்றார்கள், தீட்டு என்றார்கள் என்று ஊருக்கு ஒரு பாடம். எங்கோ ஓரிரு இடத்தில் எதிர்ப்பு இருந்திருக்கலாம். பெரும்பாலும் முந்தைய பதிலில் சொன்ன ஏற்றமும் ஆறும்தான் காரணம்.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு ஸ்டேஷன் பெயர்ப்பலகையிலும் கடல் மட்டத்திலிருந்து உயரம் மீட்டரில் எழுதியிருக்கும். இரண்டு ஸ்டேஷன்களின் உயர வித்தியாசத்தை இடைத்தூரத்தால் வகுத்துப் பாருங்கள். 10 கிலோமீட்டரில் 50 மீட்டர் ஏறினால் 1-க்கு 200. பிறகு 'ரயில் வேண்டாம்' என்று சொன்னதாகக் கூறப்படும் ஊர் வழியாக அதே கணக்கைப் போடுங்கள். ஏற்றம் இரட்டிப்பாகிறது, அல்லது கூடுதலாக ஒரு பெரிய பாலம் தேவைப்படுகிறது என்றால் பெரியவர்கள் மீது பழி வேண்டாம்.

கொடைரோடு ஸ்டேஷன்ல இறங்கினா கொடைக்கானலே இல்லையே?

'ரோடு' என்று முடியும் ஸ்டேஷன் பெயருக்கு 'இங்கே இறங்கி அந்த ஊருக்குச் சாலையில் போ' என்று பொருள். கொடைக்கானல் ரோடு இருக்குமிடம் அம்மையநாயக்கனூர். அங்கிருந்து கொடைக்கானல் சாலை வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர். திருச்சி–மதுரைப் பாதை 1875-இல் வந்தபோது மலைக்கு மோட்டார் சாலை கிடையாது. மாட்டு வண்டியில் மலையடிவாரம் போய், அங்கிருந்து டோலியிலோ குதிரையிலோ ஏறினார்கள். வாலாஜா ரோடும் இதே வகை. வாலாஜாபேட்டை ஊர் ஸ்டேஷனிலிருந்து தள்ளி இருக்கிறது.

ஸ்டேஷன் பெயர் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். கல்லக்குடி ஸ்டேஷனுக்கு டால்மியாபுரம் என்று பெயர் இருந்ததை எதிர்த்து 1953 ஜூலை 15 அன்று நடந்த மறியல் தமிழக அரசியல் வரலாற்றிலேயே இடம்பிடித்துவிட்டது.

ஜோலார்பேட்டை அவ்வளவு பெரிய ஜங்ஷன். ஆனா பெங்களூர் ஹைவே கிருஷ்ணகிரி வழியா ஏன் போகுது?

இந்தப் பக்கத்திலேயே மிகச் சுவையான கேள்வி இது. ஜோலார்பேட்டை ஏலகிரி மலையடியில், சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தெற்கே சேலம் பக்கம் மலைகளுக்கு நடுவே ஒரு தாழ்வான வழி, மேற்கே குப்பம் வழியாகச் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருக்கு ஏற்றம். இரண்டும் பிரிய வசதியான இடம் அது. 1864-இல் பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்குக் கிளை போனதும் ஜங்ஷன் ஆகிவிட்டது. ஊரின் தொழிலே ரயில்தான்.

சாலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வரை ரயிலோடு ஏறக்குறைய இணையாக வந்துவிட்டு, நாட்றம்பள்ளி வழியாக நேரே கிருஷ்ணகிரிக்கு ஏறிவிடுகிறது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டை ஊர். பழைய வழிகள் முன்பே அங்கே சந்தித்தன. இன்று தேசிய நெடுஞ்சாலைகள் 44, 48, 77 மூன்றும் அங்கே கூடுகின்றன. ஆனால் ஊருக்கு ரயில் இல்லை. திருப்பத்தூரிலிருந்து 1905-இல் ஒரு குறும்பாதை (நேரோ கேஜ், தண்டவாள இடைவெளி குறைந்த பாதை) வந்தது, பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். ஜோலார்பேட்டையில் ரயில் உண்டு, நெடுஞ்சாலை இல்லை. கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலை உண்டு, ரயில் இல்லை. இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்கூட ஆகாது.

இப்படி ஜோடி ஊர்கள் வேற எங்கெல்லாம் இருக்கு?

சென்னை–திருச்சி வழியில் பாருங்கள். விழுப்புரம் வரை சாலையும் ரயிலும் கைகோத்து வரும். அதற்குப் பின் சாலை உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் வழியாகவும், ரயில் விருத்தாசலம், அரியலூர் வழியாகவும் பிரியும். பெரம்பலூர் மாவட்டத் தலைநகர், ஆனால் ரயில் கிடையாது. உளுந்தூர்பேட்டைக்கு ஸ்டேஷன் இருந்தும் அது ஊருக்கு வெளியே.

நாமக்கல் இன்னும் விசேஷம். லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர். சேலம்–கரூர் பாதையில் ரயிலைப் பார்த்தது 2013-இல்தான். ரயில் இல்லாத குறைதான் லாரியை வளர்த்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சரக்கை ஏற்ற வேறு வழி இல்லாத ஊரில் லாரிக்கு எப்போதும் வேலை இருந்தது.

எதிர்மாதிரி விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி. மதுரை–தூத்துக்குடிப் பாதை 1876-இல் வந்தது. கரிசல் பூமியில் ஏற்றமோ பெரிய மலையோ இல்லை, அதனால் நெடுஞ்சாலையும் ரயிலும் பக்கத்தில் பக்கத்திலேயே போகின்றன. பஞ்சுப் பேட்டை, ஜின்னிங் (பஞ்சிலிருந்து கொட்டை பிரித்தல்), தீப்பெட்டி என்று அந்த ஊர்கள் இரண்டு வழியையும் பயன்படுத்திக்கொண்டன.

மெயின் லைன், கார்டு லைன்னு சொல்றாங்களே, எது எது?

விழுப்புரத்திலிருந்து கடலூர், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சி போவது மெயின் லைன். தஞ்சாவூர் வரை 1870-களின் இறுதியில் போட்டது. விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்கே போவது கார்டு லைன், 1927-இல் திறந்தது. குறுக்குப் பாதை வந்ததும் தென்மாவட்ட விரைவு வண்டிகள் பல அதற்கு மாறின. டெல்டா ஊர்களில் 'மெயின் லைன்' என்ற பெயர் மட்டும் மிச்சம். அந்த மனக்குறை அங்கே இன்னும் பேச்சில் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது.

நீராவி எஞ்சின் போனதும் ஜங்ஷன் ஊர்கள் ஏன் படுத்துடுச்சு? ரயில் இன்னும் ஓடுதே?

ரயில் ஓடுகிறது, நிற்கவில்லை. அதுதான் விஷயம். நீராவி எஞ்சினுக்கு வழியில் அடிக்கடி தண்ணீர் பிடிக்க வேண்டும், நெருப்புப் பெட்டியில் சேரும் சாம்பலையும் கட்டியையும் தட்ட வேண்டும், சில நாட்களுக்கு ஒருமுறை கொதிகலனைக் கழுவ வேண்டும். 150–200 கிலோமீட்டருக்கு ஒரு ஷெட் தேவைப்பட்டது. ஒவ்வொரு ஷெட்டிலும் கரி அள்ளுபவர், கிளீனர், ஃபயர்மேன், ஃபிட்டர், கொதிகலன் வேலைக்காரர் என்று நூற்றுக்கணக்கானோர். அவர்களை நம்பி டீக்கடை, சைக்கிள் கடை, வட்டிக்கடை, சினிமாக் கொட்டகை.

டீசல் எஞ்சின் சுமார் 5,000 லிட்டர் எண்ணெயைச் சுமந்துகொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நிற்காமல் போகும். மின் எஞ்சினுக்கு அதுவும் தேவையில்லை. ஆள் மாற மட்டும் நின்றால் போதும்.

இன்னொரு அடி சரக்கில் விழுந்தது. முன்பு ஒரே ஒரு வேகன் நெல்லையோ வெல்லத்தையோ சின்ன ஸ்டேஷனிலேயே புக் செய்யலாம். பின்னர் முழு ரயில் அளவுக்கு, அதாவது 40-க்கும் மேற்பட்ட வேகன்களுக்குச் சரக்கு வேண்டும் என்ற முறை வந்தது. சந்தை ஊர் வியாபாரியிடம் அவ்வளவு சரக்கு ஏது? அவர் லாரிக்குப் போனார். ஸ்டேஷன் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் கூட்ஸ் ஷெட்டுக்கு இதுதான் கதை.

எங்க ஊர் லைன் முன்னாடி மீட்டர் கேஜா இருந்ததான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மீட்டர் பாதையில் தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர், அகலப்பாதையில் 1,676. சேலம், ஈரோடு, கோவை வழி ஆரம்பத்திலிருந்தே அகலம். விழுப்புரம், திருச்சி, மதுரை, நெல்லைப் பக்கம் பெரும்பாலும் மீட்டராக இருந்து, 1992-இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தில் மாறியது.

ஸ்டேஷனில் பார்க்க வேண்டியவை: பழைய கட்டடம் புதிய நடைமேடையைவிடத் தாழ்ந்து, வாசற்படி புதைந்ததுபோல் இருக்கும். பாலங்களில் பழைய கருங்கல் தூணும், அதை ஒட்டி அகலப்படுத்திய கான்கிரீட்டும் தனித்தனியாகத் தெரியும். கூர்மையான வளைவை நிமிர்த்திய இடங்களில் பழைய கரை மட்டும் பக்கத்தில் தனியே கிடக்கும்.

எடுத்துட்ட பழைய லைன் எங்க போச்சுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். மொரப்பூர்–தருமபுரி–ஓசூர் குறும்பாதையை எடுத்துக்கொள்வோம். 762 மில்லிமீட்டர் அகலம். தருமபுரி வரை 1906, ஓசூர் வரை 1913. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எடுக்கப்பட்டது. இப்படிப்பட்ட பாதையைத் தேட இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் அளவிலான பழைய நில அளவைத் துறை வரைபடம். அதில் பாதை நேரடியாகவே இருக்கும். அடுத்து கிராமத்தின் புலப்படமும் (வயல் எல்லை வரைபடம்) அ-பதிவேடும் (சர்வே எண்வாரி நிலப் பதிவு). வயல்களுக்கு நடுவே நீளமான ஒடுக்கமான சர்வே எண் 'ரயில்வே' அல்லது புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் அதுதான். மூன்றாவதாகச் செயற்கைக்கோள் படம். கடைசியில் களத்துக்குப் போய் மதகுகளைத் தேடுங்கள். மண்கரையைக் கரைத்து வயலாக்கிவிடுவார்கள், செங்கல் வளைவு மதகைப் பெயர்க்க யாருக்கும் மெனக்கெட மனம் வராது.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று: பழைய வண்டிப்பாதையையும் வாய்க்கால் கரையையும் ரயில் பாதை என்று நினைப்பது. வண்டிப்பாதை வயல் மூலையில் சட்டென்று திரும்பும், ரயில் அப்படித் திரும்பவே முடியாது. வாய்க்கால் மேட்டின் சம உயரத்தைப் பிடித்து நெளிந்து போகும், பள்ளத்தை மண் கொட்டித் தாண்டாது.

வேலிக்கு நட்டிருக்கிற தண்டவாளத்துல வருஷம் போட்டிருக்கே. அதுதான் லைன் போட்ட வருஷமா?

இல்லை, ஆனால் உதவும். தண்டவாளத்தின் நடுப்பட்டையில் தயாரித்த ஆலை, எடை, உருட்டிய ஆண்டு மூன்றும் புடைப்பாக இருக்கும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சுண்ணக்கட்டியைப் படுக்கையாகத் தேய்த்தால் எழுத்து எழும். 50 என்றால் கஜத்துக்கு 50 பவுண்டு, மீட்டருக்குச் சுமார் 25 கிலோ. மீட்டர் பாதைக்கு ஏற்ற எடை. 90 என்றால் மீட்டருக்குச் சுமார் 44.6 கிலோ, அகலப்பாதைக்குரியது.

தண்டவாளம் ஊர் மாறும். முக்கியப் பாதையில் தேய்ந்தது கிளைப்பாதைக்குப் போகும், அங்கிருந்து சைடிங்குக்கு (வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தண்டவாளம்), கடைசியில் வேலிக்கு. ஆகவே அந்த ஆண்டு 'இதற்கு முன் இருக்க முடியாது' என்று மட்டும் சொல்லும்.

எங்க ஊர் ரயில் வந்த வருஷம் மூணு விதமா போட்டிருக்காங்க. எது சரி?

மூன்றும் சரியாக இருக்கலாம். சரக்குக்குத் திறந்த நாள் ஒன்று, பயணிகளுக்குத் திறந்த நாள் வேறு, அந்தக் குறிப்பிட்ட ஸ்டேஷன் திறந்த நாள் இன்னும் வேறு. பாதை ஓடத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து நடுவில் ஸ்டேஷன் வைப்பது சாதாரணம். நாகப்பட்டினம்–திருச்சி இன்னும் குழப்பம்: 1861–62-இல் அகலப்பாதையாக வந்து, 1870-களில் மீட்டராகச் சுருங்கி, பிற்காலத்தில் மறுபடி அகலமானது. போடிக்கு 1928-இல் ரயில் வந்தது, போர்க்காலத்தில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது, பின்பு திரும்ப வந்தது, 2010-இல் அகலப்படுத்த நின்றது, 2023-இல் மீண்டும் ஓடியது. ஆண்டை எழுதும்போது எதைத் திறந்த ஆண்டு என்றும் சேர்த்து எழுதினால் பாதிச் சண்டை தீரும்.

என்.எச். 45, என்.எச். 7 எல்லாம் எங்க போச்சு?

2010-இல் எண்கள் மாற்றப்பட்டன. வடக்கு–தெற்குச் சாலைகளுக்கு இரட்டைப்படை, கிழக்கு–மேற்குக்கு ஒற்றைப்படை. மூன்று இலக்கம் என்றால் கிளைச்சாலை, கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலை. பழைய 7 தமிழ்நாட்டில் இன்று 44. சேலத்திலிருந்து கொச்சி போகும் பழைய 47 இன்று 544, அதாவது 44-இன் கிளை. பழைய 45 துண்டு துண்டாகிவிட்டது: சென்னை–திண்டிவனம் 32, திண்டிவனம்–விழுப்புரம் 132, விழுப்புரம்–திருச்சி 38, திருச்சி–திண்டுக்கல் 83. பழைய பத்திரம், பெயர்ப்பலகை, பஸ் டிக்கெட் எதைப் படித்தாலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. பைபாஸ் வந்த ஊரில் உள்சாலையில் நிற்கும் மங்கிய மஞ்சள் கல், ஒரு காலத்தில் பெருவழி ஊருக்குள்ளேயே போனதற்குச் சாட்சி.

எங்க ஊர் ரயில்வே கேட்டுக்கு மேம்பாலம் ஏன் இன்னும் வரல?

ஒரு நாளில் கடக்கும் ரயில் எண்ணிக்கையை வாகன அலகுகளால் (வாகன வகைக்கேற்பக் கணக்கிட்ட எண்ணிக்கை) பெருக்குவார்கள். அது ஒரு லட்சத்தை எட்டினால் ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பகிரும் மேம்பாலத்துக்குத் தகுதி. 60 ரயில், 2,000 வாகன அலகு என்றால் 1,20,000, தகுதி உண்டு. 20 ரயில், 3,000 வாகன அலகு என்றால் 60,000, கிடையாது. கணக்கில் தேறியும் நிற்பது பெரும்பாலும் அணுகுசாலைக்கான நிலத்தால். பழைய ரயிலடியில் கேட்டின் இருபுறமும் கடைகள் தண்டவாளம் வரை நெருங்கியிருக்கும்.

பதிலாகக் கட்டும் சுரங்கப்பாதை மழைக்குக் குளமாகும். ரயில் கரை சுற்றுப்புறத்தைவிட உயரமில்லாத இடத்தில் தோண்டினால் தண்ணீர் வெளியேற வழியில்லை. பம்பு இல்லாமல் கட்டியதென்றால் ஒரு நல்ல மழை போதும்.

ரயில் மட்டும் போய், ரோடே இல்லாம இருந்த ஊர் உண்டா?

ராமேஸ்வரம். பாம்பன் ரயில் பாலம் 1914-இல் வந்தது. சாலைப் பாலம் 1988-இல்தான். இடைப்பட்ட 74 ஆண்டுகள் தீவுக்கு ரயில் அல்லது படகு. தீவின் முனையில் இருந்த தனுஷ்கோடி முழு ரயிலடி ஊர்: சென்னையிலிருந்து போட் மெயில் வரும், பயணிகள் அங்கே கப்பலேறி இலங்கை போவார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பயணிகளோடு வந்த ரயிலும் ஊரும் அழிந்தன. பாதை திரும்பப் போடப்படவில்லை. 2017-இல் அரிச்சல்முனை வரை தேசிய நெடுஞ்சாலை போய்ச் சேர்ந்தது. இன்று எண் 87. காரில் போனால் பழைய ஸ்டேஷனின் இடிந்த சுவர்கள் மணலுக்கு நடுவே சாலையிலிருந்தே தெரியும்.